என் பேச்சைக் கேட்காத சம்பந்தி

நாலாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. ஆனாலும் எங்கள் கடற்கரையில் முதலில் ஐஸ் ஆலை போட்டவன் நான்தான். தலையில் மீன்கூடை சுமந்தவன் நாலு லாரிக்கு முதலாளி ஆனேன். மார்த்தாண்டம் சந்தையில் போய்க் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், என் வாய்ப்பேச்சுக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பை நினைத்து நானே நடுங்கிய ரெண்டு நாள் உண்டு.

மூத்த மகனும் அவன் மனைவியும் குவைத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய அஞ்சு வயசு மகள் என்னோடு இருக்கிறாள். அவளுக்குத் தடுப்பூசி போட வீட்டுக்கு வந்த நர்ஸம்மாவை ரெண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பினேன். "நான் என்ன, ஊசி போட்டா இப்படி வளந்தேன்?" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

போன மழைக்காலத்தில் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது. முகத்திலிருந்து கால்வரை சிவப்பாகப் பொடி பொடியாகக் கிளம்பியது. மணல்வாரி அம்மை என்று நானே முடிவு கட்டினேன். வாசலில் வேப்பங்குழை செருகினேன், ஆஸ்பத்திரி வேண்டாம் என்றேன். மூணு நாளும் பிள்ளையை மடியில் போட்டுக் கவனித்தது இளைய மருமகள். அவளுக்கு அப்போது வயிற்றில் மூணாம் மாசம்.

நாலாம் நாள் அவள் என்னிடம் கேட்காமலே ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். நானும் ஏறிக்கொண்டேன். டாக்டரம்மா பேத்தியின் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். அப்புறம் மருமகளைப் பார்த்தார். "நீ கர்ப்பமா இருக்கியா?" என்று கேட்டபோது அவர் முகம் மாறியது.

"இது ரூபெல்லாவா இருக்கும்னு நெனைக்கேன். பிள்ளைக்கு லேசா வந்து போயிரும். ஆனா தடுப்பு இல்லாத கர்ப்பிணிக்கு இந்த மாசத்துல ஒட்டினா, வயித்துல உள்ள குழந்தைக்குக் கண்ணு, காது, இருதயம் எல்லாம் பாதிக்கலாம். நீ ஊசி போட்டிருக்கியா?"

"பள்ளிக்கூடத்துல ஒரு ஊசி போட்ட ஞாபகம் இருக்கு டாக்டர். அது எதுக்குள்ளதுன்னு தெரியல."

அது இந்த ஊசியாக இருக்க முடியாது; காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டார்கள். அந்த நேரம் என் போனுக்கு யாரோ ஒருத்தன் பேசிய பதிவு ஒன்று வந்தது. ஊசி போட்டால் பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் பிள்ளை பிறக்காதாம். சொன்னவன் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்று அதைச் சத்தமாகப் போட்டுக் காட்டி, "ஒருத்தனும் பள்ளிக்கூடத்துச் சீட்டுல கையெழுத்துப் போடப்பிடாது" என்று சொன்னேன்.

பிறகு கல்யாணப் பேச்சுக்கு வந்த இவளுடைய அப்பா, "முதலாளி அன்னைக்குச் சொன்னீங்களே, எம்பிள்ளைக்கு நான் அந்த ஊசி போடல்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படிப்பட்ட குடும்பத்தில்தான் பெண் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் காப்பியைக் குடித்தேன்.

மருமகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ரெண்டு நாள் ஆகும் என்றார்கள். அவள் அழவில்லை. வீட்டுக்கு வரும்வரை வயிற்றில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டில் விட்டுவிட்டு நேரே கடற்கரைக்குப் போனேன். சம்பந்தி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஓய், உள்ளதச் சொல்லும். பிள்ளைக்கு அந்த ஊசி போட்டீரா, இல்லியா?"

அவர் நூலைக் கடித்துத் துப்பினார். "இப்ப எதுக்குக் கேக்கீரு?"

சொன்னேன். அவர் கையிலிருந்த வலை ஊசி மணலில் விழுந்தது. குனிந்து அதை எடுத்தார். "போட்டாச்சு ஓய். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அன்னைக்குப் போடல்லன்னீரே?"

"உம்ம மகனுக்குப் பொண்ணு குடுக்க வந்தவன் வேற என்னத்தச் சொல்ல? மீன் காரியத்துக்கு உம்ம சொல்லக் கேப்போம். ஊசிக்கு டீச்சர் சொல்லத்தான் கேக்கணும். உம்ம பேச்ச யாரு ஓய் கேட்டா? ஊசி போட்டா பிள்ளை பிறக்காதுன்னீரு. இப்ப மூணு மாசம்லா?"

வேறு எவனாவது இப்படிப் பேசியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் திரும்பி வரும் வழியில் வேறொரு பயம் பிடித்தது. என்னைக் குளிர்விக்க அன்றைக்குப் பொய் சொன்னவர், என்னைத் தேற்ற இன்றைக்கும் சொல்லலாமே? ரெண்டில் எது பொய்?

அந்த ரெண்டு நாளும் சோறு இறங்கவில்லை. அடுப்பங்கரையில் ஏதாவது பாத்திரம் விழுந்தால், பிறக்காத பிள்ளைக்கு இந்தச் சத்தம் கேட்குமா என்று நினைப்பேன். என் பேச்சை ஒருவன் மதிக்காமல் போயிருக்க வேண்டும் என்று வாழ்நாளில் முதல் தடவையாகக் கடவுளிடம் கேட்டேன்.

மூணாம் நாள் காலையில் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பழைய தடுப்பு நல்லா இருக்கு, பயப்படாண்டாம்" என்றார். மருமகள் அப்போதுதான் அழுதாள். பேத்திக்கு உடம்பு தேறியதும் விட்டுப்போன ஊசியைப் போடக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். நானே கூட்டிக்கொண்டு போனேன். ஊசி ஏறும்போது கண்ணை மூடியது பேத்தி அல்ல, நான்.

இந்தச் சந்தோசத்தில் சம்பந்தி வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். "எவனும் கேக்கல்லன்னீரே, நல்லதாப் போச்சு ஓய்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தன் கேட்டான். உம்ம லாரி டிரைவர். உம்ம சோத்தத் திங்கிறவன் கேக்காம என்ன செய்வான்? அவன் மகளுக்குப் போடல்ல."

டிரைவரின் மகளுக்கு வாற மாசம் கல்யாணம். பத்திரிகை என் மேசையில்தான் இருந்தது, முதல் பத்திரிகை எனக்கென்று கொண்டுவந்து தந்திருந்தான். நர்ஸம்மாவிடம் ஓடினேன். இப்போதும் போடலாம், போட்டபின் ஒரு மாசமாவது கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

டிரைவர் வீட்டு வாசலில் நின்றேன். என்னைக் கண்டதும் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"மக்கா, நான் அன்னைக்கு ஊசியப் பத்திச் சொன்னது தப்பு" என்றேன்.

அவன் சிரித்தான். "முதலாளி சொன்னா தப்பா இருக்குமா?"