வராந்தாவில் ஜெயித்த இடுப்பு

எங்கள் பேராசிரியர் ஒரு பெண்ணின் இடுப்பை இரண்டாவது தடவை ஒடிக்கப் பார்த்தார். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பல வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துவிட்டு, மறுவாழ்வு சிகிச்சையில் முதுகலை படிக்கச் சேர்ந்தேன். போஸ்டிங் இடுக்கி மலையில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே என்னிடம் வந்தவர் மாரியம்மாள். சூரியநெல்லிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆனவர்.

பேராசிரியர் வைத்த டெஸ்ட் இதுதான்: கைத்தடி ஊன்றி வராந்தாவில் நடக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். வராந்தா கேரம்போர்டு மாதிரி மட்டம். மாரியம்மாளுக்கு முழு மார்க். பேராசிரியர் அதை வீடியோவும் எடுத்துக்கொண்டார்.

"ஏ டாக்டரம்மா, இங்கன நடக்கச் சொன்னா பொழுதுக்கும் நடப்பேன். தேயிலைக் காட்டுல ரெண்டு கையிலயும் கொழுந்து வெட்டுற கத்தரி இருக்கும். இந்தக் கம்பை வாயில கவ்விக்கிடவா?" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நல்ல சரிவு இருந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, கையில் கத்தரியைக் கொடுத்து, தடி இல்லாமல் அங்கே ஏறச் சொல்லிப் பார்க்கலாம் என்று பேராசிரியரிடம் கேட்டேன்.

"ஏனுங்க சார், அந்தக்கா கொழுந்து பறிக்கறது வராந்தாவுலீங்களா?"

"இந்தாம்மா, கொடுத்த டெஸ்ட்டைப் பண்ணு. மலை ஏறணும்னா டூரிசம் கோர்ஸ்ல சேர்ந்துக்கோ."

கூட இருந்த மாணவர்கள் சிரித்தார்கள். மார்க் போடுகிறவர் ஜோக்கடித்தால் சிரிப்பு தானாக வரும்.

எஸ்டேட்டின் நாற்று நர்சரியில் உட்கார்ந்து செய்கிற லைட் டியூட்டி என்றாவது எழுதுங்கள் என்றேன். எழுதவில்லை. சான்றிதழில் 'வேலைக்குத் தகுதி' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாரியம்மாள் இனி காடு ஏற வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவருக்கு வேறு வீடு கிடையாது.

எஸ்டேட்டில் செங்குத்தான காட்டுக்கே அனுப்பினார்கள். கால் வழுக்கியது. தேயிலைச் செடியைப் பிடித்துத் தொங்கியதால் எலும்பு தப்பியது. நர்சரி வேலை கேட்டதற்கு சூப்பர்வைசர் சொன்ன பதில்: "பெரிய டாக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரு. ஒனக்கு மட்டும் மலை கசக்குதோ?"

மாரியம்மாள் இப்போது லீவில் வீட்டில் இருக்கிறார். லீவு முடியப் போகிறது. சான்றிதழைப் போட்டவரால்தான் அதை மாற்ற முடியும். பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

"அவ நன்னா நடந்தாளேம்மா, வீடியோ இருக்கே" என்று வைத்துவிட்டார். அந்த வீடியோவை கருத்தரங்கில் வெற்றிக் கேஸ் என்று காட்டப் போகிறாராம்.

இந்தப் படிப்புக்கு வருகிற தம்பி தங்கைகளே, நோயாளி பிழைப்புக்காக எங்கே கால் வைக்கிறார் என்று பார்க்காமல் யாரையும் தேறிவிட்டார் என்று எழுதாதீர்கள். எனக்குப் பாடம் அவ்வளவுதான்.

சார், மேடையில் தாராளமாக வீடியோவைப் போடுங்கள். கைதட்டல் முடிந்ததும் மைக்கைக் கீழே வைக்காதீர்கள். மாரியம்மாளுக்கு லைட் டியூட்டி எழுதித் தருவீர்களா, மாட்டீர்களா? அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லிவிட்டு இறங்குங்கள்.