கணினி மேசைக்காரர்

எங்கள் போல்ஸ்வர்ட் ஊர்க்கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பழுது பார்க்கும் நாள். ஊரார் கொண்டுவரும் பழுதான சாமான்களை இலவசமாகச் சரிசெய்து கொடுப்போம். காபி ஊற்றுவதும், யாரை எந்த மேசைக்கு அனுப்புவது என்பதும் என் பொறுப்பு. கணினி மேசை பதினொரு வருடமாக ஹெஸ்ஸெலுடையது. பால் ஆலையில் மின்பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாள். அந்த ஒரு சனிக்கிழமைக்காகவே சவரம் செய்துகொள்கிறாரோ என்று நாங்கள் கேலி செய்வதுண்டு.

அவர் "போச்சு" என்று சொன்னால், மறுபேச்சு இல்லாமல் குப்பைக் கிடங்குக்குத் தூக்கிப் போவார்கள். ஆனால் கடந்த இரண்டு மாதங்களில் அவர் கைவிட்ட இரண்டு லேப்டாப்களும் வேறு கடையில் ஒழுங்காக ஓடின. புகார் என்னிடம்தான் வந்தது. இன்றோடு போதும், இனி நீங்கள் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டியவளும் நான்தான். காலையிலிருந்து அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஹிஸ்கே வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். ஒன்பது வருடத்து லேப்டாப். திரை திடீர் திடீரென்று இருண்டு போகிறதாம். கொடுத்துவிட்டுப் போவதெல்லாம் எங்களிடம் கிடையாது. சொந்தக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவளும் உட்கார்ந்தாள்.

ஹெஸ்ஸெல் இருண்ட திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். உள்ளே படம் மங்கலாகத் தெரிந்தது. மூடியை ஆட்டினார், வெளிச்சம் வந்தது. அவள் வேலை நேர அட்டவணை விரிந்தது. அவர் முகம் சுருங்கியது. வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்த்தார்.

"இதுலயும் அப்படியே இருக்கு. கிராபிக்ஸ் போர்டு போச்சும்மா. இனி இத வச்சுக்கிட்டுப் பிரயோஜனமில்ல."

"எது அப்படியே இருக்கு?"

"இந்தக் கோடெல்லாம் நடுவுல நெளியுதே, தெரியலயா?"

"ஒண்ணும் நெளியலயே. நேராத்தான் இருக்கு."

"முப்பத்தஞ்சு வருஷம் மிஷினோட மல்லுக்கட்டினவன்கிட்டயா சொல்றே?" என்று சீறிவிட்டு, "ஏய் டீனெகே, இங்க வா. இவளுக்குச் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். கோடுகள் நேராகத்தான் இருந்தன.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேன்!"

"நேராத்தான் இருக்கு ஹெஸ்ஸெல்."

இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். எப்போதும் எங்களுக்குச் சொல்வார்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதே, ஒவ்வொன்றாக விலக்கிப் பார். அதைத்தான் செய்தார். இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். அப்புறம் வலது கண்ணை. மறுபடியும் இடது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஓடிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போகவில்லை. நான் இவரை வெளியே அனுப்ப வந்தவள்.

"லேப்டாப் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் ஹிஸ்கேயிடம், குரல் இறங்கி. "கீல்கிட்ட வர்ற கேபிள் தளர்ந்திருக்கு. அவ்வளவுதான்."

"உங்களுக்கு எத்தன நாளா இப்படி?" அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"குளிர்காலத்துலேர்ந்து. கண்ணாடி பழசாயிடுச்சுன்னு நெனச்சேன்." பிறகு என்னைப் பார்த்தார். "அப்போ அந்த ரெண்டு லேப்டாப்பும்?"

"நல்லா ஓடுது" என்றேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை கண் மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். கட்டம் போட்ட தாளைக் காட்டினார்கள், ஏதேதோ படம் எடுத்தார்கள். இளம் மருத்துவர் நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. வலது கண்ணில் போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற மாதாமாதம் ஊசி போடலாம் என்றார்.

ஹெஸ்ஸெல் அந்தக் கட்டத் தாளை மறுபடியும் கையிலெடுத்தார்.

"வேற பார்ட் போட முடியாதா?" என்று கேட்டார்.

"இதுக்குப் பார்ட் வர்றதில்லீங்க" என்றார் மருத்துவர்.

பதினொரு வருடமாக எத்தனையோ பேரிடம் ஹெஸ்ஸெல் சொன்ன பதில் அது. அவர்கள் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அழுதார்.