நனையாமல் திரும்பி வந்த ஐந்து உடுப்புகள்

நைலோன் துணி தையல் மெஷின் ஊசியில சூடாகும்போது ஒரு மணம் வரும். வெயிலில விட்ட ரப்பர் செருப்பு மாதிரி... இண்டைக்கும் அந்த மணம் மூக்கில பட்டால் எனக்குக் கோபம்தான் வருது.

யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். சிலாபப் பக்கம் கடற்கரையோடு பெரிய பார்க் ஒன்று திறந்தார்கள். உள்ளே கண்ணாடித் தொட்டிகளில மீன், வெளியே நீச்சல் குளமும் தண்ணீர்ச் சறுக்கும். பேர் எழுத மாட்டேன். போனவர்களுக்குத் தெரியும்.

புத்தளம் தில்லையடியில எங்கட தெருப் புள்ளைகளுக்கு எந்நேரமும் அந்தப் பார்க் கதைதான். என்ட மகள் ஹஸ்னாவுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. நோட்டீஸில இருந்த நீலச் சறுக்கின் படத்தை வெட்டி மதரஸாக் கொப்பி உறைக்குள்ள வைத்திருந்தாள்.

"உம்மா, ஒரே ஒரு தரம். மேல இருந்து கீழ. அவ்வளவுதான்."

இன்னும் கொஞ்ச நாளில பெரிய புள்ளையாகிடுவாள். இப்ப விட்டால் எப்ப? எனக்கும் அந்த நினைப்புத்தான்.

பார்க்குக்குப் போன் போட்டேன். பேப்பர் வாசித்தும் பஸ் போர்ட் பார்த்தும் நானே பழகின சிங்களத்தில கேட்டேன். உடம்பு முழுக்க மூடின உடுப்போடு புள்ளைகள் இறங்கலாமா? அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மரியாதையாகச் சொன்னார். பருத்தித் துணி கூடாது, நைலோன் எண்டால் பிரச்சினை இல்லை.

உடனே கொப்பியில எழுதி வைத்தேன். திகதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, எல்லாம். தொண்ணூறில மன்னாரில இருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த சனம் நாங்கள். எந்த ஒபிஸுக்குப் போனாலும் முதல் கேள்வி, "எழுத்தில இருக்கா?" அதனால எழுத்தில இருந்தால் போதும் எண்டு நம்பிப் பழகிட்டோம்.

பிஸ்மில்லாஹ் சொல்லித் துணியை வெட்டினேன். ஹஸ்னாவுக்கும் அவளோட சேர்ந்த நாலு புள்ளைகளுக்கும். நீளக் கை, முழங்கால் வரைக்கும் சட்டை, உள்ளே காற்சட்டை, தலைக்குத் தொப்பி. இழுபடுகிற துணியில தையல் விட்டு விட்டு விழுந்தது. யாரும் சொல்லித் தரவில்லை... துணிக்குக் கீழே கொப்பித் தாளை வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுத்தேன். ஒரு தையல்கூடத் தவறவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வேன் பிடித்துப் போனோம். குளத்து வாசலில ஐந்து புள்ளைகளும் உடுப்பு மாற்றி வரிசையாக நின்றார்கள். காவலுக்கு நின்றவன் மேலும் கீழும் பார்த்தான்.

"பே, அக்கே. இது குளிக்கிற உடுப்பு இல்ல."

பே எண்டால் ஏலாதாம். நைலோன் தம்பி, தொட்டுப் பாருங்க எண்டேன். தொடவும் இல்லை. கொப்பியை நீட்டினேன். திகதியைப் பார்த்தான், நேரத்தைப் பார்த்தான், சிரித்தான்.

"சொன்ன ஆள்ட பேர் எங்க?"

பேர்... அதை மட்டும் நான் கேட்கவில்லை.

மெனேஜர் வந்தார். தண்ணி ஊத்தையாகிடுமாம், சட்டமாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முழங்காலில வெட்டின டெனிம் போட்ட ஒரு மனுஷன் எங்களுக்குப் பக்கத்தால ஓடிப்போய் குளத்தில விழுந்தார். டெனிம் ஊத்தையாக்காதாம்! நான் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோன துணிதான் ஊத்தையாக்குமாம்!

அந்த நேரம் நான் என்ன செய்திருக்க வேணும்? நான் சொன்னது என்ன தெரியுமா?

"சரி சேர்."

எங்கட சனத்துக்கு எவ்வளவு சுகமாக வருகிற வார்த்தை அது. இதுவரைக்கும் எனக்கு என்னோடு கோபம்.

"மீனைப் பார்த்திட்டுப் போங்க" எண்டு அனுப்பினார். போனோம். பெரிய கண்ணாடியில ஒரு திருக்கை வயிற்றை ஒட்டிக்கொண்டு மேலே ஏறியது. எங்களோடு வந்த பக்கத்து வீட்டு மர்ளியா ராத்தா இடுப்பில கை வைத்து அதைப் பார்த்தா.

"இது நாம கறியாக்குற திருக்கை தானே புள்ள? இதுக்கு ஏசி போட்டு, லைட் போட்டு, தண்ணியும் குடுத்திருக்கானுகள். நமக்குத்தான் இறங்க ஏலாதாம்!"

எல்லாரும் சிரித்தோம். ஹஸ்னா சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சறுக்கில வருகிற புள்ளைகளின் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் என்ட கையைப் பிடித்தாள்.

"எனக்கு ஆசையில்ல உம்மா. இது வடிவா இருக்கு தானே."

பன்னிரண்டு வயசுப் புள்ள. உம்மாவைத் தேற்றுவதற்காகப் பொய் சொன்னாள். வேனுக்குப் பின்னால பாய் விரித்து லுஹர் தொழுதேன். மன்னித்தேன் எண்டு வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை... அல்லாஹ்வுக்குத் தெரியும்.

போன மாதம் ஹஸ்னாவும் நானும் அவள்ட மகளை, என்ட பேத்தியைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனோம். வாசலில மூன்று மொழியில போர்ட், மூடின உடுப்போடும் இறங்கலாம் எண்டு. தலை மூடின பொம்பிளைப் படமும் போட்டிருக்கு. உள்ளே ஒரு கடையில குளிக்கிற உடுப்பு வாடகைக்குக் குடுக்கிறார்கள். நீளக் கை, முழங்கால் வரைக்கும் சட்டை, தலைக்குத் தொப்பி. நான் வெட்டின வெட்டு மாதிரியே!

தையலைப் புரட்டிப் பார்த்தேன். ரெண்டு இடத்தில தவறியிருக்கு.

கவுண்டரில நின்ற புள்ளையிடம் முதலில பேர் கேட்டேன். இப்பெல்லாம் யாரோடு பேசினாலும் அதுதான் என்ட முதல் கேள்வி. அவள் பயந்து போனாள், பாவம்.

"ஹஸ்னா, உங்கட அளவுக்கும் இருக்கு மகள். நான் சின்னவளைப் பார்க்கிறேன். நீங்க ஒரு தரம் போயிட்டு வாங்க. மேல இருந்து கீழ."

மகள் அந்த நீலச் சறுக்கை நிமிர்ந்து பார்த்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். பிறகு சின்னவளின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஆசையில்ல உம்மா."

அண்டைக்கு அது பொய். இண்டைக்கு அவள் சொன்னது உண்மை... எனக்குக் கோபம் அதுக்குத்தான்.