திறக்காத பஞ்சாரம்

எங்கள் சேவலுக்கு வீட்டுக்காரர், சிலிண்டர்காரர், நான் என்ற பேதமெல்லாம் கிடையாது. கண்ணில் பட்ட காலையெல்லாம் கொத்தும். தேன்கனிக்கோட்டை ரோட்டோரத்து லைன் வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா லாரியோடு போனால் வாரம் கழித்துத்தான் வருவார். அம்மா விடிகாலை வேனில் ஓசூர் கம்பெனிக்குப் போய் இருட்டிய பிறகு வருவாள்; ஞாயிறும் ஓ.டி. பள்ளி விட்டு வந்தால் நான், நாலு கோழிகள், அந்த ரவுடி. ஆறு மணி ஆனால் எனக்கு அழுகை வந்துவிடும். அம்மா வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொள்வேன்.

பகலெல்லாம் சேவலை மூங்கில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருப்போம். சாயங்காலம் ஒரு மணி நேரம் கோழிகளோடு திறந்துவிடுவது என் வேலை. "மறந்துராத பாப்பா. சேவ சேரலன்னா முட்ட பொரிக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா வேன் ஏறுவாள்.

நான் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு பவ்யா வாசலுக்கு வெளியே நின்று, "ஹுஞ்ச இல்வா?" என்று, சேவல் வெளியே இல்லையே என்று கன்னடத்தில் கேட்பாள். சேவல் அடைந்து கிடந்தால்தான் உள்ளே வருவாள். முதல் நாள் திறக்கவில்லை. அப்புறம் ஒரு மாதமும் திறக்கவில்லை. அம்மா கேட்டால், "தெறந்தேம்மா" என்பேன்.

அடைக்கோழிக்கு அம்மா ஒற்றைப்படையாகப் பதினொரு முட்டை வைத்தாள். "எல்லாக் குஞ்சும் உனக்குத்தான். நா வர்ற வரைக்கும் உங்கூடவே சுத்தும்" என்றாள். தீனி போடும் வேலையும் நம் தலையில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே பவ்யா வீட்டார் பெங்களூருக்குக் குடிபோனார்கள். அன்றிலிருந்து சேவலை ஒழுங்காகத் திறந்துவிட்டேன், என்ன பிரயோஜனம்!

இருபத்தோராம் நாள் அம்மா பர்மிஷன் போட்டு நாலு மணிக்கே வந்துவிட்டாள், கையில் நொய்யரிசிப் பொட்டலத்தோடு. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு முட்டையாகக் காதில் வைத்துப் பார்த்தாள். மறுநாளும் சத்தமில்லை. கடைசியில் ஒன்றை உடைத்தாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. பதினொன்றும் கூமுட்டை.

"சேவலுக்கு வயசாயிருச்சு போல" என்றாள். அப்பா வந்த அன்று அது குழம்பாயிற்று. நான் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

சாயங்காலங்களில் நான் அழுவதை அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அது தெரிந்திருந்தது, அதற்காகத்தான் அந்தப் பதினொரு முட்டையையும் வைத்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.