நான் மொழிபெயர்த்தபோது அவர் தலையசைத்தார்

காப்பார் சாலையில் இருந்த ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, கோலாலம்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். புண்ணுக்குக் கட்டுவது, ஊசி போடுவது, மருந்து கலப்பது, காய்ச்சல் அட்டை எழுதுவது என் வேலை. யாரும் எழுதி வைக்காத இன்னொரு வேலையும் இருந்தது. கிள்ளானிலிருந்து வாரம் இருமுறை காரில் வரும் வெள்ளைக்கார டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நோயாளிகளுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிறவன் நான்.

பிள்ளைகள் வார்டில் எட்டுக் கட்டில்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஓர் ஆயா. நாற்பது வயதிருக்கும். முன்பு ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவர். புருஷன் இறந்தபின் துணி துவைக்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளைகள் அவர் இடுப்பை விட்டு இறங்க மறுத்ததால் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. குழந்தை நோயாளிகளைப் பேணுவது பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு அத்தியாயத்தை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அதில் இல்லாத சிலவற்றை அவர் தினமும் செய்தார். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் தாயின் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கித் தலைமாட்டில் வைப்பார். மருந்துக் குவளையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். ஊசி போடும் நாளில் காலையிலேயே அதைச் சொல்லிவிடுவார்.

எனக்கு அது பிடிக்காது. “வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்” என்று சொல்லிக் குத்துவது என் வழக்கம். ஒருநாள் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று என்னைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. ஆயாதான் குனிந்து பேசினார்.

“வலிக்குமா ஆயா?”

“வலிக்கும். பத்து எண்ணுற வரைக்கும் வலிக்கும்.”

“நீ மெதுவா எண்ணுவியா, வேகமாவா?”

“உங்கப்பன் கள்ளுக்கடைக்குப் போற வேகத்துல எண்ணுறேன், போதுமா?”

குழந்தை சிரித்துக்கொண்டே வெளியே வந்து கையை நீட்டியது. நான் குத்தும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு பத்து வரை கேட்டது, அழவில்லை. பிறகு ஆயா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லாதீங்க ஐயா. ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் நாம கொடுக்கிற தண்ணியக்கூட நம்பாதுங்க.”

“நீ எனக்குப் பாடம் நடத்துறியா?” என்றேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரிடம் ஒருமையில்தான் பேசினேன்.

அந்தக் குழந்தைக்கு டைபாய்டு. மூன்றாவது வாரம். டைபாய்டில் குடல் புண்ணாகியிருக்கும். கெட்டியான எதுவும் உள்ளே போகக்கூடாது. பார்லித் தண்ணீர், வடிகட்டிய பால், அவ்வளவுதான். தாய்மார்கள் பரிதாபப்பட்டு மடியில் சோற்றை மறைத்துக்கொண்டு வந்து ஊட்டிவிடுவதால் ஞாயிற்றுக்கிழமை தவிர யாரும் வார்டுக்குள் வரக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை. டைபாய்டு பிள்ளையின் தாய் ஞாயிற்றுக்கிழமைகூட வாசலைத் தாண்டக்கூடாது. குழந்தை வாயைத் திறக்க மறுத்தது. இரண்டு நாளாக நாலு ஸ்பூன்கூட இறங்கவில்லை.

ஆயா என்னிடம் வந்தார். “அவ அம்மா மத்தியானம் ரப்பர் பால எடைபோட்டுக் கொடுத்துட்டு வருவா. கொஞ்ச நேரம் உள்ள விடுங்க ஐயா. நான் பக்கத்துலயே நிக்கிறேன். மடியச் சோதிச்சுட்டுத்தான் விடுவேன்.”

எனக்கும் அது வசதியாக இருந்தது. அட்டையில் குடித்த அளவு குறைந்துகொண்டே போனால் டாக்டர் என்னைத்தான் கேட்பார். “சரி, வரச்சொல்லு. நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

அந்தத் தாய் நாலு நாள் வந்தாள். ரப்பர் பால் நாற்றம் போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஆயா தானே மடியை உதறிப் பார்த்து, ஸ்பூனை எண்ணிக் கொடுத்தார். குழந்தை குடித்தது. தாய் ஒரு பருக்கைகூடக் கொடுக்கவில்லை. இது எனக்குத் தெரியும். ஒருநாள் நானே கதவோரம் நின்று பார்த்தேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல் நான் வார்டில் இருந்திருக்க வேண்டும். கிராணி வீட்டில், அதாவது தோட்ட எழுத்தர் வீட்டில், சீட்டாடிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி வெப்பநிலையை எடுக்காமலே, காய்ச்சல் அட்டையில் முந்தைய கோட்டை ஒட்டி, கொஞ்சம் இறங்குவதுபோல ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தேன். அப்படிச் செய்தது அன்று முதல்முறை அல்ல.

மூன்று மணிக்கு ஆயா கிராணி வீட்டு வாசலுக்கு ஓடி வந்தார்.

“ஐயா, பிள்ளைக்குக் கை காலெல்லாம் சில்லுனு இருக்கு. முகம் வெளுத்துப் போச்சு.”

“காய்ச்சல் இறங்குது. நல்லதுதானே.”

“இது அந்தச் சில்லு இல்லைங்க. நாடி குருவி மாதிரி அடிக்குது. ஒருக்கா வந்து பாருங்க.”

கிராணி சீட்டை விசிறிபோல் பிடித்தபடி, “என்ன டிரஸர், ஆயாதான் இப்போ டாக்டரா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “போ, வரேன்” என்று சொல்லி அனுப்பினேன்.

டைபாய்டில் காய்ச்சல் திடீரென விழுந்து நாடி ஓடினால் குடலில் இரத்தம் கசிகிறது என்று பொருள். அது நான் மனப்பாடம் செய்த பக்கத்தில்தான் இருந்தது. ஆயா அந்தப் பக்கத்தைப் படிக்காமலே வாசலில் நின்று சொன்னார். தோட்ட மேனேஜரான பெரிய துரையின் பங்களாவில் டெலிபோன் இருந்தது. கிள்ளானுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பலர் பிழைக்கவில்லை. ஆனால் நான் எழுந்து போகவில்லை. ஆறு மணிக்குப் போனபோது ஆயா கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். முன்பு எப்போதோ வேறொரு நோயாளிக்கு நான் அப்படிச் செய்ததைப் பார்த்திருப்பார். விளக்கேற்றும் நேரத்தில் குழந்தை இறந்தது.

மறுநாள் டாக்டர் வரும் நாள். வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்து அட்டையைக் கையில் எடுத்தார். என் புள்ளிகள் அழகாக இறங்கிக்கொண்டிருந்தன. அப்படி இறங்கிய குழந்தை எப்படிச் செத்தது என்று கேட்டார். யாராவது சாப்பாடு கொடுத்தார்களா? யார் உள்ளே வந்தது? ஆயாவைக் கூப்பிடு.

ஆயா வந்து மேசைக்கு முன் நின்றார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்:

“அம்மாக்காரி வந்தா, துரை. இந்த ஐயா சரின்னு சொன்னாங்க, அதனாலதான் விட்டேன். ஒண்ணும் கொடுக்கல, பார்லித் தண்ணிதான், நான்தான் ஸ்பூன எண்ணிக் கொடுத்தேன். நேத்து மூணு மணிக்கே கை சில்லுனு ஆயிடுச்சு. ஐயாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: தாய் அனுமதியில்லாமல் வந்திருக்கிறாள். இந்த ஆயா இரக்கப்பட்டு விட்டுவிட்டாள். உள்ளே என்ன கொடுத்தாள் என்று இவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சோறாக இருக்கலாம் என்கிறாள். நேற்றுச் சாயங்காலம் வரை இவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நான் பேசப் பேச ஆயா தலையசைத்துக்கொண்டே இருந்தார். ஒருவர் பேசும்போது கேட்கிறோம் என்பதற்கு நம் ஆட்கள் செய்வதுதான். அதோடு, தான் சொன்னதையே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் நம்பினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமாம், ஆமாம் என்பதுபோல் அசைத்தார். டாக்டர் அந்தத் தலையசைப்பைத்தான் பார்த்தார். ஒப்புக்கொள்கிறாள் என்று எழுதிக்கொண்டார்.

அன்றே ஆயாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். “மேலிடத்து உத்தரவு, ஆள் குறைக்கிறாங்க” என்று நான் சொன்னேன். டாக்டர் கையெழுத்திட்ட தாளை நானே அவரிடம் கொடுத்தேன். “இது வேற இடத்துல வேலைக்குக் காட்டுற கடுதாசியா ஐயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நீங்க சொன்னதால துரை நல்லவிதமா எழுதியிருப்பாரு” என்று கும்பிட்டுவிட்டு, துணி மூட்டையோடு சாலைக்குப் போனார்.

இன்னொன்றும் செய்தேன். மற்ற தாய்மார்களுக்குப் புத்தி வர வேண்டும், குழந்தையின் தாயிடம் காரணத்தைச் சொல் என்றார் டாக்டர். அவள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டருக்கு நான் பேசுவது புரியாது. ஆறுதலாக எதையாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கதை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் எனக்குப் பாதுகாப்பு. “நீ வந்து கொடுத்ததுதான் பிள்ளைக்கு ஆகல” என்றேன்.

“நான் தண்ணிதானே கொடுத்தேன்?” என்றாள். பிறகு, “கடைசி நாள் இன்னும் ஒரு ஸ்பூன் வேணும்னு கேட்டுச்சு. கொடுத்தேன். அதுவா ஐயா?”

நான் உள்ளே போனேன்.

சில மாதங்களில் கிள்ளானில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கும் பிள்ளைகள் வார்டுதான். ஊசிக்கு முன்னால் வலிக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பத்து எண்ணினேன். சேலைத் துண்டு கேட்டு வாங்கினேன். என் வார்டில் அழுகை குறைவு என்று மேட்ரன் எல்லார் முன்னிலையிலும் பாராட்டி, இதை எங்கே கற்றாய் என்று கேட்டார். புத்தகத்தில் என்றேன்.

ஒருநாள் பாசார் சந்தைக்குப் போகும் வழியில் பஸ் நிற்கும் இடத்தில் ஆயா என் முன்னால் வந்து நின்றார். இளைத்திருந்தார். டோபிக்கடை ஒன்றில் துணி துவைப்பதாகப் பிறகு தெரிந்தது. முந்தானை முடிச்சிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடித்து மடித்து நாலு துண்டாகக் கிழியும் நிலையில் இருந்தது.

“இதத் தூக்கிக்கிட்டு மூணு ஆஸ்பத்திரி ஏறினேன். மூணாவது இடத்துல ஒரு நர்ஸ் மிஸி பாவம் பார்த்துப் படிச்சுச் சொன்னாங்க.” எப்போதும் வாக்கியத்துக்கு ஒரு ஐயா போடுகிறவர், அன்று ஒன்றுகூடப் போடவில்லை. “சோறு கொடுக்க விட்டேன்னு நானே ஒத்துக்கிட்டேனாம். நான் எப்போ ஒத்துக்கிட்டேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. நீ பேசினதுக்கெல்லாம் நான் தலையாட்டிக்கிட்டு நின்னேனே!”

நீ என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. உங்களுக்கு வேறு வேலை பார்த்துத் தருகிறேன், டாக்டரிடம் பேசுகிறேன் என்று ஏதேதோ உளறினேன்.

“எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த அம்மாக்காரிகிட்ட போய்ச் சொல்லு. அந்த ஒரு ஸ்பூன் தண்ணியாலதான் பிள்ளை போச்சுன்னு தோட்டத்து லயன் வீட்டுல உட்கார்ந்து அழுதுக்கிட்டே இருக்காளாம். நான் போய்ச் சொன்னேன், நம்பல. டிரஸர் ஐயா பொய் சொல்வாங்களான்னு கேட்டா. நீ சொன்னாத்தான் நம்புவா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்று சொன்னேன். போகவில்லை. அவள் தோட்டத்தில் யாரிடமாவது சொல்வாள், அது டாக்டர் காதுக்குப் போகும் என்ற பயம். அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்த நேரம். நான் துணிந்து காப்பார் பஸ்ஸில் ஏறியபோது மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. லயனில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வேலையில்லை என்று அனுப்பிய கூட்டத்தோடு அவளும் புருஷனும் ஊருக்குக் கப்பலேறிப் பத்து நாள் ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவில் தோட்டத்தில் அவளுக்குக் கொடுத்த ஆள் எண் மட்டும் இருந்தது.

அன்றே டோபிக்கடைக்குப் போய் ஆயாவிடம் சொன்னேன். அவர் தொட்டியில் ஒரு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“போயிட்டாளா?”

“பத்து நாளாச்சு.”

“நான் உன்கிட்ட சொல்லி எத்தனை நாளாச்சு?”

நான் நனைந்த சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டே இருந்தேன். ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன். இந்த முறை அவர் தலையை அசைக்கவில்லை. வேட்டியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அடுத்ததைத் தொட்டியிலிருந்து எடுத்தார்.