நாலு கம்பியும் மச்சான் கோழிகளும்

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர். அதாவது, சத்தம் போடாதே என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குபவன். அப்படிப்பட்டவன் ஐம்பதை நெருங்கும் வயதில் பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறான் என்று கேள்விப்படுகிறவர்கள் முதலில் என் மனைவியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவளும் அதற்கென்று ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். வீட்டுக்காரர் குடிக்கிறார் என்று ஊருக்கே தெரிந்துவிட்ட பெண்கள் வைத்திருப்பார்களே, அந்த முகம்.

ஏன் கீழ்ச்சுருதி மட்டும் வாசிக்கும் பேஸ் என்றால், அது கூச்சக்காரனுக்கான வாத்தியம் என்று படித்திருந்தேன். மேடையில் பின்னால் நிற்கலாம்; யாரும் பார்க்கமாட்டார்கள்; வாசிப்பதை நிறுத்தினால்தான் எதுவோ குறைகிறதே என்று நினைப்பார்கள். நான் எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். இதில் நான் செய்த கேடுகள் அத்தனையும் படித்துவிட்டுச் செய்தவை.

சேலத்துக் கடையிலிருந்து அதை உறையோடு பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டுக்குப் பார்க்க வந்த மனைவியின் சித்தப்பா கம்பிகளை விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"மாப்ளை, கிட்டாருக்கு ஆறு கம்பி இருக்கோணுமுங்களே?"

"இதுக்கு நாலுதானுங்க."

"யாருங்க சொன்னா?"

"கடைக்காரருங்க."

சித்தப்பா இன்னொரு தடவை எண்ணிவிட்டுக் கிளம்பினார். அடுத்த வாரத்துக்குள் என்னை ரெண்டு கம்பி குறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்ற செய்தி எருமப்பட்டி வரைக்கும் போய்விட்டது. படித்தவனை ஏமாற்றுவது சுலபம் என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் முதுகுக்குப் பின்னாலேயே பேசிக்கொண்டார்கள்.

எங்கள் வீடு நாமக்கல்லுக்கு வெளியே, எருமப்பட்டி போகும் பாதையில், மனைவி வீட்டார் கொடுத்த நிலத்தில் இருக்கிறது. பின்சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், மனைவியின் அண்ணனுடைய கோழி ஷெட். முட்டைக் கோழிகள். மச்சான் என்னைவிட மூத்தவர். ஆனால் தங்கச்சியைக் கட்டியவன் என்பதால் இத்தனை வருஷத்தில் ஒருநாள் என்னிடம் 'ங்க' போடாமல் பேசியதில்லை. நான் ஷெட்டுப் பக்கம் போனால் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போடுவார். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று நான் சொன்னால், சித்த நேரம் யோசித்துவிட்டு, "உங்க காலேஜ் பக்கம் அப்படி இருக்குமுங்க" என்பார். இந்த மரியாதையை நான் என் தகுதிக்குக் கிடைப்பது என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

கிட்டாரோடு கடைக்காரர் ஒலியைப் பெருக்கும் சிறிய ஆம்ப் ஒன்றும் தந்திருந்தார். அதில் கீழ்க்கம்பியைத் தட்டினால் சளி பிடித்தவன் தொண்டையைச் செருமுவது போல் இருந்தது. பேஸுக்குப் பெரிய ஸ்பீக்கரும் கனத்த மரப்பெட்டியும் வேண்டும், பெட்டியின் பலகை அதிரக்கூடாது என்று படித்தேன். ஸ்பீக்கரும் ஆம்ப் போர்டும் சேலத்தில் கிடைத்தன. பெட்டிக்கு யாரைப் பிடிப்பது? நாமக்கல்லில் மரமும் இரும்பும் சேர்த்து அதிராமல் கட்டத் தெரிந்தவர்கள் லாரி பாடி கட்டுகிறவர்கள். மச்சானுக்குத் தெரிந்த பட்டறை ஒன்று இருந்தது. அவரே என்னை அழைத்துப் போனார்.

பட்டறை மேஸ்திரி நான் வரைந்து கொண்டுபோன படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "எத்தனை லோடுங்க ஏத்துவீங்க?" என்றார். லோடு இல்லை, சத்தம் மட்டும்தான் என்றேன். "சத்தத்துக்கு எதுக்குங்க பாடி?" என்றவர், அதற்குமேல் விளக்கம் கேட்காமல் தனக்குத் தெரிந்ததைக் கட்டினார். கனத்த பிளைவுட், நாலு மூலைக்கும் இரும்பு ஆங்கிள், தார்ப்பாய் கட்டுவதற்குப் பக்கவாட்டில் கொக்கிகள். பெயின்டர் தன் பங்குக்குப் பச்சை வர்ணம் அடித்து, தாமரை போட்டு, பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தார். பழக்கதோஷம்.

பெட்டியை மச்சானின் முட்டை வண்டியில்தான் ஏற்றி வந்தோம். இறக்கச் சொந்தத்தில் எல்லா ஆண்களும் வரவேண்டியிருந்தது. புது வண்டிக்குச் செய்வதுபோல மச்சான் சூடம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்தார். பெட்டிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று கேட்டார். வைத்தால் மறுபடி தூக்கவேண்டும் என்று யாரோ சொன்னதால் விட்டுவிட்டார்கள்.

முன்னறையில் அது கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். பின்பக்க அறைக்குப் போனது. பேஸ் பெட்டியை அறையின் மூலையில் வைத்தால் கீழ்ச்சுருதி பெருகும் என்று படித்திருந்தேன், மூலையில் வைத்தேன். அந்த மூலையில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கோழி ஷெட்.

பிறகு கிட்டாரைச் சரிசெய்யும் வேலை. பேஸின் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடும். எங்கள் ஊர் வெயிலில் மரம் வளையும். அலன் கீயால் அந்தக் கம்பியை முறுக்கி நிமிர்த்தவேண்டும். கூடுதலாக முறுக்கினால் தந்திகள் கட்டைகளில் உரசிக் கரகரக்கும். குறைத்தால் தந்தி உயர்ந்து விரல் கன்றிப்போகும். நான் முறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி முறுக்கினேன். ஆம்ப் இரைந்தது, எர்த் சரியில்லை என்று படித்தேன், எர்த் குழிக்கு உப்பு போட்டுத் தினம் தண்ணீர் ஊற்றினேன். "ஒரு மல்லிகைச் செடிக்கு ஊத்தியிருந்தா பூவாவது பூத்திருக்கும்" என்றாள் மனைவி.

கடைசியில் ஒருநாள் காலை, கல்லூரி வண்டி வருமுன், எல்லாம் கூடிவந்தது. அடிக்கம்பியைத் தட்டினேன். சத்தம் காதில் கேட்கவில்லை; முழங்காலில் கேட்டது. அலமாரிக் கதவு மெல்லத் திறந்துகொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒன்றைச் சொல்லி, ஒரு கட்டடம் அதைக் கவனித்தது. அன்றிலிருந்து தினம் காலை அதுதான் எனக்குப் பூஜை.

கோழி பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். எனக்கு அது தெரியாது. அதைப் பற்றிய புத்தகம் எங்கள் நூலகத்தில் இல்லை.

கொஞ்ச நாளில் மச்சான் முகம் வாடியிருந்தது. முட்டை குறைகிறது என்றார். இடுகிற முட்டையிலும் தோல்முட்டை அதிகம். ஓடு கட்டாமல், தொட்டால் பலூன் மாதிரி அமுங்குகிற முட்டை. கோழி டாக்டர் வந்து பார்த்தார். நோய் இல்லை என்றார். தண்ணீரைப் பரிசோதித்தார்கள். வெயிலுக்காகப் படுதாவை நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஓடு கெட்டியாகட்டும் என்று தீவனத்தில் கிளிஞ்சல் கூட்டினார்கள். முட்டை மேலும் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் நான் வாசிப்பதைப் பார்க்க வந்தார். கதவோரம் கைகட்டி நின்றார்.

"எப்படிங்க மச்சான்?"

"நல்லா இருக்குதுங்க மாப்ளை. நல்ல... கனமா இருக்குதுங்க."

"அடிச்சுருதிங்க. அது அப்படித்தான்."

"ஆமாங்க. இத்தனை நல்ல சாமான் இங்க மூலையில கெடக்குதுங்களே. காலேஜ்ல வச்சு வாசிச்சா நாலு பேரு கேப்பாங்க."

"இங்க வாசிச்சாத்தானுங்க எனக்கு நிம்மதி."

"அதுஞ் சரிதானுங்க," என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடுகிறது.

"மச்சான், பாட்டு வச்சா மாடு கூடுதலாப் பால் கறக்கும்னு படிச்சிருக்கேன். கோழிக்கும் அது பொருந்தும். பெட்டியை ஜன்னலைப் பாத்துத் திருப்பி வச்சு, கதவைத் திறந்துவிட்டு வாசிக்கிறேன். பாருங்க, முட்டை எப்படி ஏறுதுன்னு."

மச்சான் பெட்டியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அடுக்களை வாசலில் நின்ற தங்கச்சியைப் பார்த்தார். "உங்க பிரியமுங்க மாப்ளை," என்றார். போகும்போது பெட்டியைத் திருப்ப ஒரு கை கொடுத்துவிட்டும் போனார்.

பெட்டியின் முதுகு இப்போது என்னைப் பார்த்தது. 'ஒலி எழுப்பவும்' என்றது. எழுப்பினேன்.

மாதம் திரும்புவதற்குள் மச்சான் அந்தக் கோழிகளை மொத்தமாகக் கழித்துவிட முடிவு செய்துவிட்டார். இன்னும் பாதிக் காலம் முட்டையிட வேண்டிய கோழிகள். கறிக்கடைக்காரர்களுக்கு அடிமாட்டு விலைக்குப் போகும். விடிந்தால் வியாபாரியின் லாரி வரும் என்று மனைவி சொன்னாள். சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, குழம்பைப் பார்த்தாள். அந்த ஷெட்டை எழுப்ப மச்சான் அவர் அப்பாவின் தோட்டத்தில் பாதியை விற்றிருந்தார் என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

"போயி அண்ணனை ஒரு எட்டு பாத்துட்டு வாங்க," என்றாள். "சும்மா உக்காந்துட்டு வாங்க. எதும் பேச வேண்டாம்."

போனேன். மச்சான் வழக்கம்போல நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். தீவன வாளியோடு பண்ணையாள் வரிசைக்கு வரிசை போய்க்கொண்டிருந்தார். முட்டைக் கோழி ஷெட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், அந்த இரைச்சலில் பேசுவதே கஷ்டம். ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் புகார் சொல்லிக்கொண்டிருக்கும். நானும் ஆறுதலாக எதையோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் வீட்டுப் பக்கமிருந்து அது வந்தது. ஒரே ஒரு அடி. அடிக்கம்பி, திறந்த தந்தி. தரை வழியாக வந்து நாற்காலிக் காலில் ஏறியது.

ஷெட் அடங்கியது.

அத்தனை கோழியும், அத்தனை கூண்டிலும், கழுத்தை நீட்டி ஒரே திசையில் பார்த்தன. ஒரு இறகு அசையவில்லை. தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நூலகத்தில் நான் எதிர்பார்த்துக் கிடைக்காத நிசப்தம் அது. பிறகு, சத்தம் தேய்ந்ததும், மொத்தக் கூட்டமும் கூண்டின் பின்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடித்துக்கொண்டது. கம்பிகள் குலுங்கின. கீழே எச்சத்தில் பொத்தென்று ஏதோ விழுந்தது. ஓடில்லாத முட்டை.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் திடுக்கிடவில்லை. பண்ணையாளும் திடுக்கிடவில்லை. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மழைக்கு ஒதுங்கியவர் மாதிரி, கோழிகள் அடங்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். தினமும் அப்படித்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது.

"தங்கச்சி ரூமைக் கூட்டறாளாட்டம் இருக்குதுங்க," என்றார் மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு. "கை பட்டிருக்குமுங்க."

எல்லோருக்கும் வெகுநாளாகவே தெரிந்திருக்கிறது. கோழி டாக்டருக்கும், சித்தப்பாவுக்கும், பட்டறை வரைக்கும். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. சொல்வதைவிடக் கோழிகளை விற்பது மச்சானுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். பின்னறையில் ஆம்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி வாசலில் நின்றாள்.

"நீயா தட்டினே?"

"வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு அண்ணன் எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. கம்பியத் தட்டக்கூடாதுன்னு வாங்கல." பிறகு, "வெளக்கு எரியட்டும்னு நின்னுட்டுத்தான் தட்டுனேன். சரியாத்தான கேட்டுச்சு?" என்றாள்.

சரியாகத்தான் கேட்டது. நான் இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவ்வளவு சுத்தமாக அந்தச் சுருதியை எடுத்ததில்லை.

உடனே திரும்பிப் போய் மச்சானிடம் தப்பு என்னுடையது என்றேன். "அய்யய்யோ, என்னங்க மாப்ளை, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வெயிலுங்க," என்றார். லாரியை நிறுத்துங்கள் என்றேன். "சொன்ன சொல்லு மாறக்கூடாதுங்களே," என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. லாரியை நிறுத்தினால் பழி என் மேல் என்று அவர் ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த அவமரியாதையை அவர் செய்யமாட்டார். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க அந்தக் கோழிகளின் ஆயுசு குறைந்துகொண்டிருந்தது.

ஆகவே பொய் சொன்னேன். "அப்பறம் மச்சான், மறந்தே போச்சு. காலேஜ்ல விழா வருது. அந்தப் பெட்டியக் கேக்கறாங்க. இனிமே அங்கயேதான் இருக்குமாட்டம் இருக்குது. உங்க வண்டி கெடைக்குமுங்களா?"

எங்கள் பக்கத்தில் எதையும் மூன்று தடவை மறுத்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்கள். மச்சான் ஒரு தடவை மறுத்தார். "உங்களுக்கு நிம்மதின்னீங்களே" என்று சொல்லி முடிக்கும்போதே ஒரு கை சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. ஷெட்டைவிட்டு வெளியே வருகிற வழியில், என் முன்னாலேயே, வியாபாரிக்குப் போன் போட்டார். "அண்ணா, நாளைக்கு வண்டி வேண்டாமுங்க. தீவனம் மாத்தியிருக்கறேன், ஒரு மாசம் பாத்துக்கலாமுங்க." தீவனத்தை மாற்றவில்லை என்பது என் எதிரில் அடுக்கியிருந்த பழைய மூட்டைகளுக்கும் தெரியும். பொய்க்குப் பொய். ரெண்டு பேருக்கும் மரியாதை குறையவில்லை.

பெட்டியைத் தூக்கச் சொந்தத்து ஆண்கள் வந்த வேகம் என்னைக் கொஞ்சம் காயப்படுத்தியது. இறக்க ஒரு காலை முழுவதும் பிடித்த பெட்டி, சூரியன் இறங்குமுன் வண்டியில் ஏறிவிட்டது. சித்தப்பாகூட ஒரு பக்கம் தோள் கொடுத்தார். யாரும் பூசணிக்காய் உடைக்கவில்லை.

இப்போது அது நூலகத்தில், 'அமைதி காக்கவும்' பலகைக்கு நேர் கீழே, நாளிதழ் மேசையாக இருக்கிறது. தாமரை தெரிகிறது. எழுத்துள்ள பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டேன். கிட்டார் மட்டும் வீட்டில். ஆம்ப் இல்லாத பேஸ் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. தாடையை அதன் கட்டையில் அழுத்திக்கொண்டு வாசித்தால் பல்லில் லேசாகத் தெரியும்.

முட்டை மெள்ள ஏறியது. மச்சான் தீவனம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு அட்டை முட்டையோடு வந்தார்.

"இப்பெல்லாம் வாசிக்கறதில்லீங்களா மாப்ளை? சத்தத்தையே காணோமுங்களே."

"ஊட்டுக்குள்ளயே மெதுவாத்தானுங்க."

"நல்லா இருந்துச்சுங்க," என்றார், துளிகூடச் சிரிக்காமல். "எங்களுக்குத்தான் கேக்கக் குடுத்து வைக்கல."

அடுக்களையில் மனைவி எதையோ கீழே போட்டாள். நான் அட்டையை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் போனபிறகு ஒரு முட்டையை எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தேன். ஓடு கெட்டியாகத்தான் இருந்தது.