அப்பா காட்டிய வட்டக்கோட்டை

குமரி மாவட்டத்துக் கடலோரப் பழைய ஊர்களை என் மகள் கயலுக்கு முதன்முதலாக நான்தான் காட்ட வேண்டும். இந்த மே மாதத்தில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். நானும் அவள் அம்மாவும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. பதினொரு வயதுக் கயல் அம்மாவோடு நாகர்கோவிலில் இருக்கிறாள். கோடை விடுமுறையில் இரண்டு நாள் மட்டும் என்னோடு. சென்னையிலிருந்து ரயிலில் வரும்போதே, எந்த ஊரில் என்ன கதை சொல்வது என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

முதல் நாள் காலை எட்டரைக்கு நாகர்கோவிலிலிருந்து கிளம்பினோம். வாடகைக் கார், இரண்டு நாளுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனை பதினைந்து கிலோமீட்டர். ஒன்பதுக்குத் திறந்ததும் நுழைந்துவிடுங்கள், பிறகு கூட்டம் நெரிக்கும். மின்னும் கறுப்புத் தரையைக் காட்டி, முட்டை வெள்ளைக்கருவும் சிரட்டைக்கரியும் சேர்த்து இழைத்தது என்றேன். "நிஜமாவாப்பா?" என்று கண்ணை விரித்தாள். அங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டரில் குளச்சல். டச்சுக்காரர்களை வென்றதற்கு நட்ட நினைவுத் தூணின் முன்னாலும் அதே வியப்பு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரவு கன்னியாகுமரியில் தங்கினோம், அறை ஆயிரத்து எண்ணூறு.

மறுநாள் பதினொரு மணிக்கு, ஆறு கிலோமீட்டர் தள்ளி வட்டக்கோட்டை. அலை வந்து மோதும் கல்கோட்டை. வாசலில் நுங்கு விற்ற அக்கா கயலைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏட்டி மக்கா, மறுவடியும் வந்தியா? அம்மைய எங்க?"

"அம்மைக்கு சோலி கெடக்குக்கா. இது எங்க அப்பா."

அந்த ஊர் ராகத்தில் இழுத்துச் சொன்னாள். என்னிடம் மட்டும் இரண்டு நாளாகச் சென்னைத் தமிழ் பேசி வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதில்மேல் ஏறியதும் கேட்டேன். அரண்மனைக்குப் பள்ளியில் கூட்டிப் போனார்களாம். குளச்சலில் அவள் தோழியின் வீடு இருக்கிறதாம். இங்கே போன மாதம்தான் அம்மாவோடு வந்தாளாம்.

"ஏன்டா கண்ணா சொல்லலை?"

"முதல் தடவையா காட்டப்போறேன்னு நீங்க அவ்ளோ ஆசையா சொன்னீங்கல்ல."

கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். பாவம், குழந்தை அதையும் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வார்களே, அப்படி. கடலைப் பார்க்கிற மாதிரித் திரும்பி நின்று அழுதேன்.

நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நீ எனக்கு எதையாவது காட்டு" என்றேன். நாகர்கோவிலுக்குத் திரும்பி, விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த அவள் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தச் சொன்னாள். கம்பிக்கதவு வழியாகக் கையை நீட்டி, "மாடியில மூணாவது ஜன்னல், அதுதான்ப்பா என் கிளாஸ்" என்றாள். அவள் டீச்சர்களின் பெயரெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆறு மணிக்கு வீட்டு வாசலில் அவள் அம்மா, "எல்லாம் பாத்தியா மக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. அப்பா எல்லாத்தையும் காட்டினாவ."

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. வட்டக்கோட்டைக்குக் குடை கொண்டுபோங்கள், நிழல் குறைவு. பிள்ளையோடு போகிறவர்கள், எதையெல்லாம் பார்த்திருக்கிறாய் என்று கிளம்பும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டு வருடமாக ஃபோனில் நான் கேட்டதெல்லாம் சாப்பிட்டியா, எவ்வளவு மார்க், இவ்வளவுதான்.